தண்ணிக்குள் வண்டியை இறக்க முன்னம்

டிரைவர் தம்பிமாருக்கும், அவர்கள் ஓட்டும் ஜீப்பிலும் டிரெக்டரிலும் ஏறிப்போகும் நம் எல்லோருக்கும் இந்த விஷயம் தெரிந்திருக்க வேணும். 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தில் ரோட்டுகளையும் பாலங்களையும் கொண்டுபோனதை மறந்திருக்க மாட்டீர்கள்.

நான் முன்பு வேலை செய்த தோட்டமொன்றில் கீழ்ப்பிரிவுக்குப் போக ஒரு ஆற்றைக் கடக்க வேண்டும். மழைக்காலத்தில் ஒருநாள் ஜீப் நடு ஆற்றில் நின்றுவிட்டது. "இன்னொருக்கா ஸ்டார்ட் பண்ணிப் பாரு" என்று கரையில் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். டிரைவரும் சாவியைத் திருப்பினார். 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. ஜீப் கராஜிலிருந்து திரும்பி வர இரண்டு மாதம் சென்றது. அதுவரை அந்தப் பிரிவு நோயாளிகளைக் கம்பளியில் தூக்கித்தான் கொண்டுவந்தோம்.

நடந்தது இதுதான். எஞ்சின் காற்றை இழுத்து சிலிண்டருக்குள் அமுக்குகிறது. டீசல் எஞ்சின் ஏறக்குறைய 20 பங்கு காற்றை 1 பங்காக அமுக்கும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. தண்ணி உள்ளே போனால் பிஸ்டன் மேலே வர முடியாமல் கனெக்டிங் ரொட் வளைந்துவிடும். சக்கரம் நனைந்தால் பரவாயில்லை. எயார் கிளீனருக்குக் காற்றுப் போகும் வாயில் தண்ணி ஏறவே கூடாது.

ஆகவே கவனிக்க வேண்டியவை:

1. முதலில் கம்பு ஊன்றி ஆழம் பாருங்கள். பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டருக்குக் கம்பனி சொன்ன அளவு 50 சென்டிமீட்டர், ஏறக்குறைய முழங்கால் உயரம். அதுவும் அமைதியான தண்ணீருக்கு. வேகமாக ஓடும் தண்ணீர் 30 சென்டிமீட்டர் இருந்தாலே சின்னக் காரை இழுக்கும், 60 இருந்தால் ஜீப்பையும் தூக்கும். மனுஷன் நடக்க முடியாத ஆற்றில் வண்டியும் போகக்கூடாது.

2. ஆட்களை இறக்கிவிடுங்கள். சூடாக வந்த வண்டியைக் கொஞ்சம் ஆறவிடுங்கள். சூடான எக்சிலும் கியர்பொக்சும் திடீரென்று குளிர்ந்தால் தண்ணியை உள்ளே இழுக்கும்.

3. ஃபேன் பெல்ட்டில் ஓடுகிற வண்டியானால், ஆழமான இடத்தில் பெல்ட்டைக் கழற்றிவிடுவது நல்லது. ஃபேன் தண்ணியை எஞ்சின் மேலெல்லாம் அடிக்கும். அக்கரை சேர்ந்ததும் மறக்காமல் மாட்டுங்கள்.

4. லோ முதலாம் கியரில், ஆள் நடக்கிற வேகத்தில், ஒரே சீராகப் போங்கள். நடுவில் கிளச் மிதிக்கவோ கியர் மாற்றவோ வேண்டாம். பாய்ந்து போனால் தண்ணி பொனட்டுக்கு மேல் ஏறும்.

5. வண்டி நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் பண்ணவே கூடாது. கயிறு கட்டி இழுத்து, மெக்கானிக் இன்ஜெக்டர்களைக் கழற்றித் தண்ணியை வெளியேற்றிய பிறகுதான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் மாற்றியே ஆகவேண்டும்.

6. கரையேறியதும் பிரேக்கை மெல்ல மெல்ல மிதித்து ஓட்டி, காயவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. டிரைவர்மார் விருப்பப்பட்டு ஆற்றில் இறங்குவதில்லை. "நோயாளி இருக்கு, எப்படியாவது போ" என்று நாம்தான் அவசரப்படுத்துகிறோம். ஆறு பெருகியிருந்தால் 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு உடனே சொல்லி, வேறு பாதை கேளுங்கள். மாதம் நிறைந்த தாய்மாரை மழை பிடிக்க முன்னமே ஆஸ்பத்திரிக்குக் கிட்டவுள்ள சொந்தக்காரர் வீட்டில் விடுங்கள். "இன்றைக்கு இறக்க முடியாது" என்று சொல்லும் டிரைவரை ஏசாதீர்கள். அவர் காப்பாற்றுவது வண்டியை மட்டுமா?