பி.எம்.பி. சான்றிதழ்: ஒருமுறை வாங்கினால் போதுமா?

ஐ.டி., கட்டுமானம், எண்ணெய் நிறுவனங்கள் என்று பல துறைகளில், ரெஸ்யூமில் பெயருக்குப் பக்கத்திலேயே ‘பி.எம்.பி.’ என்று போட்டிருப்பவர்களைப் பார்க்கலாம். மாதக்கணக்கில் படித்து, டாலரில் கட்டணம் கட்டித் தேர்வை முடித்தவர்கள். ஆனால், முடித்த கையோடு அதை மறந்துவிடுபவர்களும் உண்டு. சில ஆண்டுகள் கழித்து வேறு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, அந்த நிறுவனம் ஆன்லைன் பதிவேட்டில் சரிபார்த்தால் சான்றிதழ் நடப்பில் இல்லை என்பது தெரிந்துவிடும். “அதான் அன்னைக்கே பாஸ் பண்ணிட்டேனே சார்” என்று சொல்லிப் பயனில்லை.

காரணம் எளிது. பி.எம்.பி. என்பது பட்டம் அல்ல. டிரைவிங் லைசென்ஸ் மாதிரி, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால்தான் செல்லும்.

யார் தருகிறார்கள்?

‘ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் புரொஃபஷனல்’ என்பதன் சுருக்கமே பி.எம்.பி. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1969-ல் தொடங்கப்பட்ட பி.எம்.ஐ. என்ற அமைப்பு, 1984 முதல் இதை வழங்கி வருகிறது. பயிற்சி நிலையங்கள் தரும் சான்றிதழ் வேறு, பி.எம்.பி. வேறு. ‘எங்களிடம் கோர்ஸ் முடித்தால் பி.எம்.பி. கையில்’ என்று விளம்பரம் வந்தால் நம்ப வேண்டாம். கோர்ஸ் என்பது தேர்வு எழுதுவதற்கான ஒரு தகுதி மட்டுமே.

யார் விண்ணப்பிக்கலாம்?

நான்கு ஆண்டுப் பட்டப் படிப்பு முடித்தவர்களுக்கு, ப்ராஜெக்ட்டை முன்னின்று நடத்திய 36 மாத அனுபவம் தேவை. பள்ளிப் படிப்பு அல்லது டிப்ளமோ மட்டும் முடித்தவர்களுக்கு 60 மாதங்கள். இந்த அனுபவம் கடந்த 8 ஆண்டுகளுக்குள் கிடைத்ததாக இருக்க வேண்டும். ஒரே மாதத்தில் இரண்டு ப்ராஜெக்ட் பார்த்திருந்தாலும் ஒரு மாதமாகத்தான் கணக்கு. இதனுடன் 35 மணி நேரப் பயிற்சியும் வேண்டும்.

‘மேனேஜர்’ என்ற பதவிப் பெயர் கட்டாயமில்லை. டீம் லீடாகவோ சைட் இன்ஜினீயராகவோ இருந்தாலும், திட்டமிடுவது, ஆட்களை ஒருங்கிணைப்பது, செலவையும் கால அளவையும் கவனிப்பது போன்ற வேலைகளைப் பொறுப்பேற்றுச் செய்திருந்தால் காட்டலாம். அனுபவமே இல்லாதவர்களுக்கு, இதே அமைப்பின் சி.ஏ.பி.எம். என்ற தொடக்க நிலைச் சான்றிதழ் இருக்கிறது.

ஆடிட் வந்தால்?

பலர் சறுக்கும் இடம் இதுதான். விண்ணப்பங்களில் சிலவற்றைப் பொறுக்கியெடுத்து பி.எம்.ஐ. தணிக்கை செய்யும். அப்போது பட்டச் சான்றின் நகல், பயிற்சிச் சான்று, எழுதியுள்ள அனுபவம் உண்மைதான் என்று மேலதிகாரி தரும் உறுதி ஆகியவற்றை 90 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். பழைய கம்பெனி மேலாளர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாமல் திண்டாடுபவர்கள் உண்டு. எனவே விண்ணப்பிக்கும் முன்பே அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது.

தேர்வு எப்படி இருக்கும்?

2021 ஜனவரியில் கொண்டுவரப்பட்ட முறைப்படி, 180 கேள்விகளுக்கு 230 நிமிடங்கள். நடுவே 10 நிமிட இடைவேளை இரண்டு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்வு முறை மாறும் என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் பி.எம்.ஐ. கையேட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மனப்பாடம் இங்கே பெரிதாக உதவாது. ‘பாதி வேலை முடிந்த நிலையில் வாடிக்கையாளர் புதிதாக ஒரு வசதி கேட்கிறார். ப்ராஜெக்ட் மேனேஜர் முதலில் என்ன செய்ய வேண்டும்?’ என்கிற பாணியில் கேள்விகள் வரும். ‘சரி, செஞ்சிடலாம்’ என்பதும் தவறு, ‘முடியாது’ என்பதும் தவறு. அந்த மாற்றத்தால் செலவும் காலமும் எவ்வளவு கூடும் என்று பார்ப்பதே முதல் வேலை.

விண்ணப்பம் ஏற்கப்பட்டதிலிருந்து ஓராண்டுக்குள் மூன்று முறை எழுதலாம். மூன்றிலும் தேறாவிட்டால் ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

60 மணி நேரக் கணக்கு

தேர்ச்சி பெற்ற நாளிலிருந்தே மூன்று ஆண்டுக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். அதற்குள் 60 பி.டி.யூ. சேர்க்க வேண்டும். ஒரு மணி நேரம் கற்றால் ஒரு பி.டி.யூ.

“நான்தான் தினமும் ப்ராஜெக்ட் பார்க்கிறேனே, அது போதாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. அன்றாட வேலைக்காக அதிகபட்சம் 8 பி.டி.யூ. மட்டுமே கிடைக்கும். பாடம் எடுப்பது, எழுதுவது, தன்னார்வப் பணி ஆகியவற்றையும் இந்த 8-ஐயும் சேர்த்து 25 வரைதான் காட்டலாம். மீதி 35-ஆவது கற்றலில் இருந்து வர வேண்டும். அதிலும் வேலை முறைகள், மனிதர்களைக் கையாளும் திறன், வணிகப் புரிதல் ஆகிய மூன்றிலும் தலா 8 கட்டாயம்.

இதற்கெல்லாம் பெரிய செலவு செய்ய வேண்டியதில்லை. பி.எம்.ஐ. உறுப்பினர்களுக்கு இலவச இணையவழிக் கருத்தரங்குகள் இருக்கின்றன. சென்னையிலும் அதன் கிளை இயங்குகிறது. அங்கே நடக்கும் கூட்டங்களும் கணக்கில் சேரும். துறை சார்ந்த புத்தகம் படித்தால்கூட பி.டி.யூ. உண்டு. ஒவ்வொன்றையும் முடித்தவுடனே ஆன்லைனில் பதிவுசெய்து, ஆதாரத்தையும் பத்திரப்படுத்த வேண்டும். இங்கும் ஆடிட் வரலாம். 60 சேர்ந்த பிறகு புதுப்பிப்புக் கட்டணம் கட்ட வேண்டும். உறுப்பினர்களுக்கு இது குறைவு.

தவறவிட்டால்?

மூன்றாண்டு முடிந்தும் 60 சேராவிட்டால் சான்றிதழ் ஓராண்டுக்கு இடைநிறுத்தப்படும். அந்தக் காலத்தில் பெயருடன் பி.எம்.பி. என்று போடக் கூடாது. அதற்குள் பாக்கியை முடித்தால் சான்றிதழ் திரும்பக் கிடைக்கும். ஆனால், அடுத்த மூன்றாண்டுக் கணக்கின் தேதி தள்ளிப்போகாது. தாமதித்த மாதங்கள் அதிலிருந்தே கழியும். அந்த ஓராண்டும் போய்விட்டால் சான்றிதழ் காலாவதி. மறுபடியும் விண்ணப்பம், கட்டணம், தேர்வு என எல்லாம் முதலில் இருந்துதான்.

கடைசி ஆண்டில் 60-க்கு மேல் சேர்ப்பவர்கள், கூடுதலாக உள்ளதில் 20 வரை அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோகலாம். மொத்தமாக 60 மணி நேரம் என்றால் மலைப்பாகத்தான் இருக்கும். 36 மாதங்களுக்குப் பிரித்துப் பார்த்தால் மாதத்துக்கு 1 மணி 40 நிமிடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடித்துவிடலாம்.