அகத்தியமலை உச்சியின் மஞ்சள் செருப்புப் பூ

பேச்சிப்பாறை அணைக்கரையில் நின்று வடக்கே பார்த்தால் மேகம் கவிந்த மலைத்தொடர் தெரியும். அந்த அகத்தியமலைத் தொடரின் உச்சிப் பகுதிகளில், உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத ஓர் ஆர்க்கிட் இருக்கிறது. பெயர் பேஃபியோபெடிலம் ட்ரூரியை. பூவின் கீழிதழ் செருப்பின் முனைபோலக் குழிந்திருப்பதால் இதைச் செருப்பு ஆர்க்கிட் என்கிறார்கள். இதன் சொந்தங்கள் வடகிழக்கு இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் இருக்கின்றன. தென்னிந்தியாவில் இது ஒன்றுதான்.

1865இல் கர்னல் ஹீபர் ட்ரூரி திருவிதாங்கூர் மலைகளில் இதைக் கண்டார். 

 இது வளரும் 1,400 முதல் 1,600 மீட்டர் உயரத்தில் காற்றும் சாரலும் வெயிலும் மாறி மாறி அறையும். செருப்பு ஆர்க்கிட்டுகள் பெரும்பாலும் நிழலைத் தேடும். இதுவோ திறந்த புல்சரிவில், பாறை இடுக்கு மண்ணில் வேர்விட்டு நிற்கிறது. தரையடியில் ஊர்ந்து போகும் கிழங்குத் தண்டுதான் இதன் உயிர். அதிலிருந்து ஆண்டுதோறும் புதுத் தூர் வெடிக்கும். இலை தடித்த பச்சை வார்போல நீண்டிருக்கும். வயலில் கும்பப்பூ நெற்போகத்தின் அறுவடை நடக்கிற காலத்தை ஒட்டி, மலையில் தண்டுக்கு ஒன்றாக மஞ்சள் பூ விரியும். இதழ்களின் நடுவே கருஞ்சிவப்புக் கோடு ஓடும்.

பூவின் வேலைப்பாடு வியப்பானது. அதில் தேன் கிடையாது. நிறத்தில் மயங்கி வரும் பூச்சி வழுக்கிப் பைக்குள் விழும். விளிம்பு உள்நோக்கி வளைந்திருப்பதால் வந்த வழியே திரும்ப முடியாது. பின்சுவரில் உள்ள மயிர்களைப் பற்றி மேலேறித்தான் வெளியேற வேண்டும். அந்த இடுக்கு வழியில் முதலில் சூல்முடி, அடுத்து மகரந்தப்பை. முன்பு ஒரு பூவிலிருந்து கொண்டுவந்ததை இங்கே தேய்த்துவிட்டு, புது மகரந்தத்தை முதுகில் சுமந்துகொண்டு பூச்சி பறக்கும். விதையோ தூசியளவு, உள்ளே சேமித்த உணவு இல்லை. மண்ணில் உரிய பூஞ்சை துணை நின்றால்தான் முளைக்கும்.

தோட்டத்துக்குக் கொண்டுபோய் வைத்துக் காப்பாற்றிவிடலாம் என்று நினைப்பது அதனால்தான் தவறு. அற்றுப்போனதாக நெடுங்காலம் கருதப்பட்ட செடி, 1970களில் மீண்டும் கண்ணில் பட்டதும் ஆசைக்காரர்கள் தூரோடு பெயர்த்துச் சென்றார்கள். காட்டுத்தீயும் சேர்ந்துகொண்டது. இன்று இது அழிவின் விளிம்பில் உள்ள இனம். வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் செருப்பு ஆர்க்கிட்டுகளைப் பறிப்பதையும் விற்பதையும் தடுக்கிறது. பன்னாட்டு வணிகத்துக்கும் தடை உண்டு. கேரளத்தின் பாலோடு தாவரவியல் தோட்டத்தில் திசு வளர்ப்பு முறையில் நாற்றுகள் வளர்த்திருக்கிறார்கள். நல்ல முயற்சி. ஆனால் அவற்றை நடும் மலைச்சரிவுகள் எரியாமல் இருந்தால்தான் நட்டது நிலைக்கும்.

அனுமதி பெற்று மலையேறும்போது இந்தப் பூ கண்ணில் பட்டால் ஆசைதீரப் பாருங்கள், படம் எடுங்கள். படத்தோடு இடத்தின் பெயரை மட்டும் எங்கும் பதியாதீர்கள்.