அளவறிந்து ஓடுவோம்

1908ஆம் ஆண்டு யூலை மாதம் 24ஆம் திகதி. இலண்டன் மாநகரில் நடைபெற்ற ஒலிம்பிக் விழாவின் மரதன் ஓட்டம் முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. விண்ட்சர் அரண்மனையில் தொடங்கிய அந்த ஓட்டம், விளையாட்டரங்கில் அரச குடும்பத்தினரின் மேடைக்கு முன்பாக நிறைவடைய வேண்டும். தூரம் 42.195 கிலோமீற்றர். அரங்கில் திரண்டிருந்த பல்லாயிரக்கணக்கான மக்களின் கண்கள் யாவும் நுழைவாயிலையே நோக்கியிருந்தன.

முதலாவதாக உள்ளே வந்தவர் டொராண்டோ பியெத்ரி. இத்தாலி நாட்டின் கார்ப்பி நகரில் இனிப்புப் பண்டக் கடையொன்றில் வேலை பார்த்த 22 வயது இளைஞர். ஆனால் அவர் வந்த கோலத்தைக் கண்டு அரங்கமே திகைத்தது. எந்தப் பக்கம் ஓட வேண்டுமென்பதே அவருக்குத் தெரியவில்லை. பிழையான திசையில் திரும்பினார். நடுவர்கள் வழிகாட்டினர். சில அடிகள் வைத்தார், விழுந்தார். எழுந்தார், மீண்டும் விழுந்தார். எஞ்சியிருந்த ஏறத்தாழ 350 மீற்றர் தூரத்தைக் கடக்க அவருக்குப் பத்து நிமிடம் வரை சென்றது. பார்த்துக்கொண்டிருக்க மனம் பொறுக்காத அதிகாரிகள் அவரைத் தூக்கி நிறுத்தினர். இறுதிக் கோட்டை அவரே முதலில் கடந்தார். எனினும் பிறர் உதவியைப் பெற்றார் என்பதால் அவரது வெற்றி செல்லாது என அறிவிக்கப்பட்டது. இரண்டாவதாக வந்த அமெரிக்கரான ஜோன் ஹேய்ஸ் தங்கப் பதக்கத்தைப் பெற்றார்.

பியெத்ரி வலிமை குன்றியவர் அல்லர். ஓட்டத்தின் முற்பகுதியில் அவர் நிதானமாகவே ஓடினார். 32ஆவது கிலோமீற்றரளவில், முன்னே ஓடிய தென்னாபிரிக்க வீரர் சார்ள்ஸ் ஹெஃபெரனுக்கு அடுத்த நிலையில் இருந்தார். முன்னே செல்பவர் தளர்ந்துவிட்டார் என்ற செய்தி அவரை எட்டியது. அந்தச் செய்தியே அவருக்கு வினையாயிற்று. அதுவரை தனது மூச்சுக்கும் கால்களுக்கும் ஏற்ப ஓடியவர், அப்போது மற்றவரின் தளர்ச்சியைக் கணக்கிட்டு ஓடத் தொடங்கினார். இங்கிலாந்துக்கு அரிதான அந்நாளின் வெப்பத்தில் வேகத்தைக் கூட்டினார். ஹெஃபெரனை முந்தினார், ஆனால் முந்துவதற்கே தம் பலத்தைச் செலவிட்டுவிட்டார்.

அன்பார்ந்த இறைமக்களே, நீண்ட ஓட்டத்தின் முதற் பாடம் இதுவே: தொடங்கும்போது நாம் உணரும் பலம் நம்மை ஏமாற்றக்கூடியது. நமது பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிகளை முன்னிட்டு நடைபெறும் மரதன் ஓட்டங்களிலும் இதைக் காணலாம். துப்பாக்கி வெடித்ததும் பாய்ந்து முன்னே செல்லும் மாணவன், சிறிது தூரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீதியோரத்தில் நிற்கிறான். யாரும் கவனிக்காத ஒருவன் அவனை அமைதியாகக் கடந்து செல்கிறான்.

இதற்கு உடலியல் காரணமும் உண்டு. நாம் உண்ணும் மாச்சத்து கிளைக்கோசனாக மாறி, தசைகளிலும் ஈரலிலும் சேமிக்கப்படுகிறது. விரைவாக ஓடும்போது உடல் பெரிதும் இச்சேமிப்பையே எரிக்கிறது. அது அளவானது, பலருக்கு 30 கிலோமீற்றர் தாண்டியதும் வற்றத் தொடங்குகிறது. கொழுப்பு தாராளமாக இருந்தாலும் அது மெதுவாகவே சக்தியைத் தரும். ஆகவேதான் அந்தக் கட்டத்தில் கால்கள் கல்லாகின்றன, மனம் சோர்கிறது. ஓட்ட வீரர்கள் இதனைச் சுவரில் மோதுவதற்கு ஒப்பிடுவர். முதல் மணித்தியாலத்தில் அளவுக்கு மிஞ்சி வைத்த ஒவ்வோர் அடியும் கடைசி மணித்தியாலத்தில் கடனாக அறவிடப்படுகிறது. இதனாலேயே அனுபவம் மிக்க பயிற்றுநர்கள், முற்பாதியில் உங்களை அடக்கிக்கொள்ளுங்கள் என்று அறிவுறுத்துகின்றனர்.

சிலவேளைகளில் நம்மை விரட்டுவதற்கு எவருமே இருப்பதில்லை. நாமே நம்மை விரட்டுகிறோம். 1954ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் கனடாவின் வன்கூவர் நகரில் நடைபெற்ற பொதுநலவாய விளையாட்டு விழாவில் இங்கிலாந்தின் ஜிம் பீற்றர்ஸ் மரதன் ஓடினார். அப்போது உலகின் மிகச் சிறந்த மரதன் நேரம் அவருடையதே. கடும் வெயிலிலும் அவர் வேகத்தைத் தணிக்கவில்லை. அரங்கினுள் நுழைந்தபோது அடுத்தவரைவிட ஏறத்தாழ 17 நிமிடங்கள் முன்னால் இருந்தார். நடந்தே சென்றிருந்தாலும் வென்றிருப்பார். ஆனால் நடப்பதற்கும் அவரிடம் சக்தி எஞ்சியிருக்கவில்லை. மீண்டும் மீண்டும் விழுந்து, முடிவுக் கோட்டை எட்டாமலேயே தூக்கிச் செல்லப்பட்டார். ஸ்கொட்லாந்தின் ஜோ மெக்கீ வெற்றி பெற்றார். பீற்றர்ஸ் அதன்பின் எந்தப் போட்டியிலும் ஓடவில்லை. அவருக்குத் தேவைப்படாத அந்த 17 நிமிடங்களே அவரது ஓட்டத்தைப் பறித்துக்கொண்டன.

உடலைப் போலவே மனமும் பழக்கப்பட வேண்டும். 1977ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்களான வில்லியம் மோர்கன், மைக்கேல் பொலக் ஆகியோர், முன்னணி ஓட்ட வீரர்கள் ஓடும்போது எதை எண்ணுகின்றனர் என ஆராய்ந்தனர். சாதாரண ஓட்டக்காரர் பலர் வலியை மறப்பதற்காக மனத்தை வேறெங்கோ அலையவிட்டனர். சிறந்த வீரர்களோ தமது மூச்சையும் தசைகளையும் இடைவிடாது கவனித்து, உடல் சொல்வதற்கேற்ப வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓடினர். வலியிலிருந்து அவர்கள் தப்பியோடவில்லை, அதற்குச் செவிசாய்த்தனர்.

இலொயோலா புனித இஞ்ஞாசியார் வலியுறுத்திய ஆன்ம சோதனையும் இத்தகையதன்றோ? நாளின் நடுவிலும் முடிவிலும் சற்று நின்று, ஆண்டவரின் திருமுன் நமது உள்ளத்தைக் கவனிக்கும்படி அவர் கற்பித்தார். நான் எங்கே தளர்ந்தேன்? யாரைப் பார்த்துப் பொறாமை கொண்டேன்? எந்தச் சுமையைத் தேவையின்றித் தூக்கினேன்? இக்கேள்விகளைக் கேளாது ஓடுகிறவர், விழும்போதுதான் தமது களைப்பை அறிகிறார்.

திருவிவிலியத்திலும் இவ்வாறு ஓடிக் களைத்த ஒருவரைக் காண்கிறோம். கார்மேல் மலையில் பெருவெற்றி கண்ட இறைவாக்கினர் எலியா, ஆகாபு அரசனின் தேருக்கும் முன்பாக ஓடினார். சில நாள்களில் அதே எலியா பாலைநிலத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் அமர்ந்து, தமது உயிரை எடுத்துக்கொள்ளும்படி ஆண்டவரை வேண்டினார். இறைவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. நம்பிக்கை குன்றியவன் எனக் குற்றம் சாட்டவுமில்லை. வானதூதர் அவரைத் தொட்டெழுப்பி, அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். எலியா உண்டு, மீண்டும் உறங்கினார். வானதூதர் இரண்டாம் முறையும் வந்து உணவளித்தார். அந்த உணவின் பலத்தில் அவர் நாற்பது நாள்கள் நடந்து ஓரேபு மலையை அடைந்தார். களைத்தவருக்கு இறைவன் முதலில் அளித்தது அறிவுரை அன்று, உணவும் ஓய்வுமே.

நமது குடும்பங்களில் இன்று எத்தனை எலியாக்கள்! படுக்கையில் கிடக்கும் பெற்றோரை ஆண்டுக்கணக்கில் பராமரிக்கும் மகள், இனி எத்தனை ஆண்டுகளோ என்று எண்ணி ஒரே இரவில் அத்தனை ஆண்டுகளையும் சுமக்கிறாள். பரீட்சைக்குத் தயாராகும் மாணவன், அயல்வீட்டுப் பிள்ளை எத்தனை மணித்தியாலம் படிக்கிறான் என்று பார்த்துத் தன் உறக்கத்தை இழக்கிறான். தவக்காலத்தின் முதல் வாரத்தில் அளவுக்கு மீறிய ஒறுத்தல்களை மேற்கொண்டவர், இரண்டாம் வாரத்தில் தவறியதும் எல்லாவற்றையும் கைவிடுகிறார். இவர்கள் யாவரும் ஆர்வம் அற்றவர்கள் அல்லர், அளவு தவறியவர்கள்.

ஆண்டவர் கற்பித்த செபத்தை நினைத்துப் பாருங்கள். பத்து ஆண்டுகளுக்கான உணவை அல்ல, அன்றன்றைக்குரிய உணவையே கேட்கும்படி அவர் நமக்குக் கற்பித்தார். பாலைநிலத்தில் இஸ்ரயேல் மக்கள் மறுநாளுக்கென்று சேர்த்து வைத்த மன்னா புழுத்துப்போயிற்று. இன்றைய கிலோமீற்றருக்கான அருள் இன்று கிடைக்கும்; நாளைய கிலோமீற்றருக்கான அருள் நாளை காத்திருக்கும்.

கொரிந்து நகர மக்களுக்கு எழுதியபோது புனித பவுல் ஓட்டப் பந்தயத்தை உவமையாகக் கையாண்டார். அந்நகரின் அருகே இஸ்த்மியா விளையாட்டு விழா நடைபெற்று வந்ததால், அம்மக்கள் அதனை நன்கறிவர். விரைவில் வாடிவிடும் இலைமுடிக்காகவே வீரர்கள் தம்மை அடக்கிப் பயிற்சி பெறுகின்றனர். நாமோ அழியாத முடிக்காக ஓடுகிறோம் என்று அவர் நினைவூட்டினார். தாம் இலக்கின்றி ஓடவில்லை என்றும் உரைத்தார். எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமடலும், நம்மைச் சூழ்ந்திருக்கும் திரளான சாட்சிகளை எண்ணி, இயேசுவின்மீது கண்களைப் பதித்து மன உறுதியோடு ஓடும்படி அழைக்கிறது. பக்கத்தில் ஓடுபவர்மீதோ, நமது களைப்பின்மீதோ அல்ல, அவர்மீதே நமது கண்கள் பதிந்திருக்க வேண்டும்.

இந்த ஓட்டத்தில் நாம் தனித்தும் இல்லை. 2019ஆம் ஆண்டு ஒக்ரோபர் 12ஆம் திகதி, ஒஸ்திரியாவின் வியன்னா நகரில் கென்யாவின் எலியுட் கிப்சோகே மரதன் தூரத்தை 1 மணித்தியாலம் 59 நிமிடம் 40 செக்கனில் ஓடி முடித்தார். ஒவ்வொரு கிலோமீற்றரையும் ஏறத்தாழ 2 நிமிடம் 50 செக்கனில், கூடாமலும் குறையாமலும் கடந்தார். அவருக்கு வேகத்தை வகுத்துக் கொடுக்கவும் காற்றைத் தடுக்கவும் 41 வீரர்கள் முறை வைத்துத் துணை ஓடினர். இத்தகைய துணைகளைப் பெற்றதால் அது உலக சாதனையாக ஏற்கப்படவில்லை. விளையாட்டின் சட்டம் அப்படி. பியெத்ரியைத் தாங்கிய கரங்களும் அவரது பதக்கத்தைப் பறித்தன. மறுநாள் அலெக்ஸாண்ட்ரா அரசி அவருக்கு ஒரு வெள்ளிக் கிண்ணத்தை வழங்கி ஆறுதல் அளித்தார்.

ஆனால் கல்வாரிப் பாதையின் சட்டம் வேறு. சிலுவைப்பாதையில் மூன்று முறை விழுந்த நம் ஆண்டவரைத் தியானிக்கிறோம். சீரேன் ஊரானாகிய சீமோன் அவரது சிலுவையைச் சுமந்தார். அந்தத் துணையால் மீட்பின் ஓட்டம் செல்லாததாகவில்லை. இறைமகனே பிறர் தோளை ஏற்றுக்கொண்டார் என்றால், நாம் ஏன் தனியே தாங்கிச் சாய வேண்டும்? பிறர் உதவியைப் பெற்றதற்காக விண்ணக வாயிலில் எவரும் தகுதி நீக்கப்படமாட்டார்.

ஆகவே இன்றிரவு செபமாலைக்குப் பின், நமது இல்லத்தில் களைத்து ஓடிக்கொண்டிருப்பவர் யாரெனச் சற்று உற்றுப் பார்ப்போம். அவரை விரைந்து ஓடும்படி தூண்டாமல், எலியாவுக்கு வானதூதர் செய்தது போல் உணவும் ஓய்வும் கொடுப்போம். அவரது வேலையில் ஒரு பங்கை நாம் ஏற்போம். களைத்தவர் நாமே என்றால், வெட்கமின்றி ஒரு தோளைத் தேடுவோம். இன்றைக்குரிய தூரத்தை மட்டும் ஆண்டவரிடமிருந்து பெற்று, அளவறிந்து ஓடுவோம். முடிவுக் கோட்டில் நமக்காகக் காத்திருப்பவர் நமது ஓட்ட நேரத்தைக் குறிப்பவர் அல்லர். விழுந்தெழுந்த பாதையை நன்கறிந்தவர் அவர்.