ஜாடிக்குப் போவதும் வெயிலுக்குப் போவதும்

மாசி பிறந்தால் ஸ்ரீரங்கத்துக்கு மாவடு வந்துவிடும். கூடையில் குவித்து வைத்துப் படியால் அளந்து போடுவார்கள். வாங்கிவந்த வடுவைக் கழுவி, துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்தி, விளக்கெண்ணெய் தடவி, கல்லுப்பைத் தூவித் தூவி ஜாடியில் நிரப்புகிறோம். தண்ணீர் ஒரு சொட்டும் ஊற்றுவதில்லை. தினம் ஒருமுறை குலுக்கிவிட்டு மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஜாடி வாயில் கட்டிய வேட்டை அவிழ்த்துப் பார்த்தால், வடுக்கள் தண்ணீரில் முங்கிக் கிடக்கின்றன. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

வடுவுக்குள்ளிருந்துதான். பிஞ்சு மாங்காயின் ஒவ்வொரு செல்லும் தண்ணீர் நிரம்பிய ஒரு நுண்பை. அந்தப் பையின் சவ்வு தண்ணீரை எளிதாக விடும், உப்பை அவ்வளவு எளிதில் விடாது. வெளியே உப்பு மிகுந்திருந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் அதை நோக்கிக் கிளம்பிவிடுகிறது. இதற்குச் சவ்வூடு பரவல் என்று பெயர். சாதுவான பெயர்தான், ஆனால் இதன் வலிமை அசாத்தியமானது. நூறு கிராம் கரைசலில் பத்து கிராம் உப்பு இருந்தால் அது இழுக்கும் இழுவை ஏறத்தாழ 90 வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். கார் டயருக்குள் அடைத்திருக்கும் அழுத்தத்தைப் போல நாற்பது மடங்கு! சமையலறை மூலையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஜாடிக்குள்தான் இது நடக்கிறது.

தண்ணீர் போனபின் சதை சுருங்குகிறது. தோலின் பரப்பு குறைவதில்லை. மிஞ்சிய தோல் மடிந்தாக வேண்டும், அதுதான் மாவடுவின் சுருக்கம். தண்ணீரை இழந்த செல்கள் சாகும். செத்தபின் சவ்வு காவல் காப்பதில்லை, அதுவரை வெளியே நின்ற உப்பு உள்ளே நுழைகிறது, பின்னால் சேர்க்கும் காரமும் கூடவே போகிறது. முதலில் வெளியேற்றம், பிறகு குடியேற்றம். வடு ‘ஊறிவிட்டது’ என்று நாம் சொல்வது இந்த இரண்டாம் கட்டத்தைத்தான்.

இனி கிருமிகள். அவையும் செல்கள்தான். அவற்றின் தண்ணீரையும் உப்பு இதேபோல உறிஞ்சிவிடும். உணவு கெடுமா கெடாதா என்பதை அதில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது தீர்மானிப்பதில்லை. கிருமிக்குக் கிடைக்கும்படி எவ்வளவு இருக்கிறது என்பதே கேள்வி. இதை அளக்க ‘நீர்ச் செயல்பாடு’ என்று ஓர் அளவு உண்டு. தூய நீருக்கு 1, கடல்நீருக்கு 0.98. பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.91-க்குக் கீழே பெருகாது. வழக்கமான பூசணங்கள் 0.80 வரை தாக்குப்பிடிக்கும். 0.60-க்குக் கீழே எந்த நுண்ணுயிரும் வளராது. உப்பு இனிமேல் கரையாது என்னும் அளவுக்குக் கரைத்த நீர் 0.75-ல் நிற்கிறது. குளம்போல் தண்ணீர் நிறைந்திருந்தாலும் கிருமிக்கு அது பாலைவனம்.

ஈரக் கரண்டி படக்கூடாது என்று வீட்டில் அத்தனை கண்டிப்பு ஏன் என்பது இங்கே விளங்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் ஜாடி முழுவதையும் நீர்க்கச் செய்துவிடாது. ஆனால் அது மேற்பரப்பில் தங்கும் இடத்தில் உப்பு குறைந்த ஒரு சின்னக் குட்டை உருவாகிறது. காற்று படும் இடமும் அதுதான். பூசணத்துக்கு அவ்வளவு போதும். மடி என்ற பெயரில் பாட்டிமார்கள் காத்த ஒழுங்கில் இந்தப் பகுதி அப்பட்டமான நுண்ணுயிரியல் என்றே நான் நினைக்கிறேன்.

உப்பு மட்டும் போதுமா? வடுவிடம் இன்னொரு ஆயுதமும் இருக்கிறது, புளிப்பு. அதை அளக்கும் கோல் பி.எச். எண். தூய நீருக்கு 7, எண் இறங்க இறங்கப் புளிப்பு கூடும், ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்காக. பச்சை மாங்காய் 3-ஐ ஒட்டி நிற்கும். எலுமிச்சை இன்னும் கீழே. உணவு அறிவியலில் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கும் ஓர் எல்லைக்கோடு உண்டு: 4.6.

அந்தக் கோட்டுக்குப் பின்னால் ஒரு சோகக் கதை இருக்கிறது. 1895-ல் பெல்ஜியத்தின் ஒரு கிராமத்தில், இறுதிச் சடங்குக்கு வாசிக்க வந்த இசைக் குழுவினர் உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித் தொடையைச் சாப்பிட்டார்கள். பலருக்குப் பார்வை மங்கியது, தசைகள் செயலிழந்தன. மூவர் இறந்தார்கள். எமில் வான் எர்மெங்கம் என்ற அறிஞர் மிச்சமிருந்த இறைச்சியிலிருந்து காரணக் கிருமியைப் பிரித்தெடுத்தார். அதுதான் பாட்டுலினம். இந்தக் கிருமிக்குக் காற்று ஆகாது. காற்று புகாத புட்டி என்றால் அதற்குக் கொண்டாட்டம். அதன் விதையுறை, அதாவது கெட்ட காலத்தைக் கடக்க அது போட்டுக்கொள்ளும் கவசம், கொதிநீரில் மணிக்கணக்கில் கிடந்தாலும் பிழைக்கும். ஆனால் 4.6-க்குக் கீழான புளிப்பில் அந்த விதையுறை முளைக்காது.

காற்று புகாத புட்டியின் கதை அதற்கும் முந்தையது. பிரான்சில் நிக்கோலா அப்பேர், உணவைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து, மூடியை இறுக்கி, புட்டியோடு வெந்நீரில் கொதிக்கவைத்துக் காக்கும் முறையை 1810-ல் புத்தகமாகவே வெளியிட்டார். அரசு அவருக்கு 12,000 பிராங்க் பரிசு கொடுத்தது. அது ஏன் பலிக்கிறது என்று அவருக்கே தெரியாது. பாஸ்டர் விளக்கம் சொல்ல இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று. மேலை நாட்டு வீடுகளில் இந்தப் புட்டிமுறை பரவியபோதுதான் சிக்கல் தெரிந்தது. பழங்களுக்குக் கொதிநீர் போதும். பீன்ஸ் மாதிரிப் புளிப்பில்லாத காய்களுக்குப் போதாது. அவற்றை அழுத்தக் கலத்தில் 121 டிகிரி வரை சூடேற்றினால்தான் விதையுறைகள் சாகும். இதைக் கற்பதற்குள் போன உயிர்கள் பல.

இப்போது நம் வீட்டைப் பாருங்கள். ஜாடிக்குப் போனவை எவை? மாவடு, ஆவக்காய், எலுமிச்சை, நெல்லிக்காய். எல்லாம் 4.6-க்குக் கீழே. வெயிலுக்குப் போனவை? சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரங்காய், பாகற்காய். எல்லாம் கோட்டுக்கு மேலே. பி.எச். காகிதத்தைக் கண்ணால் பார்க்காதவர்கள், நாக்கை மட்டும் நம்பி இந்தக் கோட்டை ஏறத்தாழச் சரியாகப் போட்டுவிட்டார்கள். புளித்தது ஜாடிக்கு, புளிக்காதது மாடிக்கு. இந்த வரிசையை முதலில் எழுதிப் பார்த்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. பூண்டு புளிப்பில்லாதது. அதை ஊறுகாய் போடும்போது எலுமிச்சைச் சாறோ புளியோ சேர்ப்பதை ருசிக்காக என்று மட்டும் நினைத்து யாரும் விட்டுவிட வேண்டாம். எண்ணெய் காற்றைத் தடுக்கும், பாட்டுலினத்தைத் தடுக்காது.

மாடிக்குப் போவோம். திருச்சியின் கோடைப் பிற்பகலில் காற்றின் ஈரப்பதம் ஐம்பது சதவீதத்துக்குக் கீழே இறங்குவது சாதாரணம். திறந்து வைத்த பொருள் காற்றோடு சமநிலைக்கு வரும்போது, காற்றின் ஈரப்பதம் எத்தனை சதவீதமோ அதுவே பொருளின் நீர்ச் செயல்பாடாகிறது. 50 சதவீதக் காற்றில் காய்ந்த சுண்டைக்காய் 0.50-ல் நிற்கும். முன்னே சொன்ன 0.60 நினைவிருக்கிறதா? அதற்கும் கீழே. வற்றல் கெடாமல் இருப்பதன் கணக்கு அவ்வளவுதான். ஐப்பசி மழையில் காற்று 85 சதவீதம் ஈரத்தோடு வந்தால் வற்றலும் 0.85-க்கு ஏறப் பார்க்கும். அதனால்தான் வற்றல் டப்பாவை இறுக்கி மூடுகிறோம். அதே மழைநாளில் கல்லுப்பு கசிந்து நீர்விடுவதைக் கவனித்திருப்பீர்கள். காற்றின் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு கசியும். உப்பு நிறைந்த நீரின் 0.75 என்ற அதே எண்!

நார்த்தங்காய் இந்த இரண்டு வழியிலும் நடக்கும். சுருளாக நறுக்கி உப்பு அடைத்து ஊறவைத்து, பகலில் வெயிலில் காயவைத்து, மாலையில் திரும்ப அதே உப்புநீரில் போடுவார்கள். மறுநாள் மீண்டும் வெயில். தண்ணீரை வற்றவைப்பதுதான் நோக்கம் என்றால் எதற்கு மறுபடி நனைக்க வேண்டும்? ஒரே மூச்சில் காய்ந்தால் மேற்புறம் முதலில் இறுகி ஓடாகிவிடும், உள் ஈரம் சிறைப்படும். இரவு ஊறல் அந்த ஓட்டை இளக்குகிறது, கூடவே இன்னும் கொஞ்சம் உப்பை உள்ளே அனுப்புகிறது. மோர் மிளகாயிலும் இதே தந்திரம்தான்.

மாவடுவில் நீர் விட்டபின் கடுகையும் மிளகாயையும் பொடித்தோ அந்த உப்புநீரிலேயே அரைத்தோ சேர்க்கிறோம். தாளிக்கும் கடுகு மூக்கில் ஏறுவதில்லை, அரைத்த கடுகு ஏறுகிறது, ஏன்? முழுக் கடுகில் அந்த நெடியே கிடையாது. அதற்கான மூலப்பொருள் ஓர் அறையிலும், அதை உடைக்கும் நொதி வேறோர் அறையிலும் தனித்தனியே பூட்டியிருக்கின்றன. நசுக்கி ஈரம் பட்டால் இரண்டும் சந்திக்கின்றன, கார ஆவி பிறக்கிறது. பூச்சியை விரட்டக் கடுகுச் செடி செய்துகொண்ட ஏற்பாடு இது. பூசணத்துக்கும் பாக்டீரியாவுக்கும் அந்த ஆவி நஞ்சு. காய்ந்த எண்ணெயில் போட்டால் நொதி வெந்துபோகிறது. வெறும் வாசனைதான் மிஞ்சும். ஊறுகாய்க் கடுகு பச்சையாக அரைபடுவதற்கு இவ்வளவு காரணம்.

வரிசையில் முரண்டு பிடிக்கும் ஒன்று மாகாளிக் கிழங்கு. புளிப்பில்லாத வேர், ஆனாலும் ஜாடிக்குப் போகிறது. பிடிக்காதவர்கள் மூட்டைப்பூச்சி நாற்றம் என்பார்கள். பிடித்தவர்களுக்குத் தயிர்ச் சாதத்தோடு அது இல்லாமல் முடியாது. நறுக்கிய கிழங்கைப் புளித்த தயிரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ உப்பும் கடுகும் மிளகாயும் சேர்த்து ஊறவைக்கிறோம். இல்லாத புளிப்பைக் கடன் கொடுக்கிறோம். கிழங்கும் வெறுங்கையோடு வருவதில்லை. அதன் மணத்துக்குக் காரணமான வேதிப்பொருள், ஐஸ்கிரீமில் சேரும் வனிலாவின் மண மூலக்கூறோடு அணுக்கணக்கில் அச்சாக ஒத்தது, அணுக்கள் அமர்ந்த இடம் மட்டும் மாறியிருக்கிறது. அதுவும் கிருமியை அடக்கும். காட்டிலிருந்து வேரோடு தோண்டித் தோண்டி இந்தக் கொடி இப்போது அழியும் ஆபத்தில் இருக்கிறது. சாப்பிடும்போதெல்லாம் எனக்கு அது உறுத்துகிறது.

உப்பு, புளிப்பு, கடுகு, மஞ்சள், எண்ணெய். ஒவ்வொன்றும் தனியே நின்றால் ஏதாவது ஒரு கிருமி தாண்டிவிடும். ஜெர்மானிய உணவு அறிவியலாளர் லோதர் லைஸ்ட்னர் 1970-களில் இதற்குத் ‘தடை விளைவு’ என்று பெயர் கொடுத்தார். பல சிறு தடைகளை அடுத்தடுத்து வைத்தால், ஒவ்வொன்றையும் சமாளிப்பதிலேயே கிருமியின் சக்தி தீர்ந்துவிடும். ஏழு மதிலுக்கு நடுவே குடியிருக்கும் ரங்கநாதரின் ஊரில் இதை விளக்க வேறு உவமை தேட வேண்டியதில்லை. வெளிக் கோபுரத்தைத் தாண்டி உத்திர வீதிவரை வந்துவிடலாம். கருவறைவரை போக எத்தனை வாசல்!

பங்குனியில் போட்ட வடு ஆடிக்கோ ஆவணிக்கோ தீர்ந்துபோகும். ஜாடியடியில் கலங்கிய சிவப்பு நீர் நிற்கும். சில வீடுகளில் அதைக் கொட்டமாட்டார்கள். பச்சை மிளகாயைக் கீறி அதில் ஊறப்போடுவார்கள். மிளகாய்க்குச் சொந்தப் புளிப்பு போதாது. மாங்காய் விட்டுப்போன புளிப்பும் உப்பும் கடுகின் காரமும் நாலைந்து நாளில் அதற்குள் இறங்கும். பிறகு ஒரு நல்ல வெயில் நாள் பார்த்து, மிளகாய் மாடிக்கு ஏறும்.