படம் உங்களுடையது, சாவி யாரிடம்?

சென்ற ஆண்டு என் படிவம் இரண்டு மாணவி ஒருவர், பச்சைப்பயறு முளைத்து வளர்வதை 20 நாள்கள் படமெடுத்தார். எல்லாப் படங்களையும் தம் சமூக ஊடகக் கணக்கில் ஏற்றினார். கைப்பேசியில் இடம் போதாததால் அதில் இருந்தவற்றை அழித்துவிட்டார். ஒரு நாள் அந்தக் கணக்கு முடக்கப்பட்டது. முறையிட்டும் பதில் இல்லை. செயல்திட்ட அறிக்கையில் ஒட்ட ஒரு படம்கூட மிஞ்சவில்லை.

"என் படம்தானே டீச்சர், எனக்கே தர மாட்டாங்களா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. படம் எடுத்தவர் அவர்; உரிமையும் அவருடையதே. ஆனால் படம் இருந்த கணினி வேறொருவருடையது. அதன் சாவியும் அவர்களிடமே இருந்தது.

இது புதிய சிக்கல் அன்று. 2002இல் தொடங்கிய ஃபிரெண்ட்ஸ்டர், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மிகவும் புகழ்பெற்றிருந்தது. 2009இல் கோலாலம்பூரைச் சேர்ந்த எம்ஓஎல் நிறுவனம் அதை வாங்கியது. 2011இல் அது விளையாட்டுத் தளமாக மாறியபோது பயனர்களின் பழைய படங்களும் வலைப்பதிவுகளும் நீக்கப்பட்டன. முன்னறிவிப்பு தரப்பட்டது, ஆனால் அதைக் கவனிக்காதவர்களுக்கு இழப்புதான்.

இதற்கு மாற்று வழி உண்டா? மின்னஞ்சலை நினைத்துப் பாருங்கள். நீங்கள் ஜிமெயிலில் இருக்கிறீர்கள். நண்பர் யாகூவில் இருக்கிறார். இருந்தும் கடிதம் போய்ச் சேர்கிறது. இரு நிறுவனங்களின் சர்வர்களும் ஒரே பொது நெறிமுறையைப் பின்பற்றுவதே காரணம்.

சமூக ஊடகத்தையும் அப்படி அமைக்கலாம். இதையே 'பரவலாக்கப்பட்ட சமூக ஊடகம்' என்கிறோம். ஜெர்மனியின் யூஜென் ரோச்கோ 2016இல் வெளியிட்ட மாஸ்டோடான் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இதற்கு ஒரே தலைமைக் கணினி கிடையாது. தனியாரும் சங்கங்களும் பல்கலைக்கழகங்களும் தத்தம் சர்வர்களை நடத்தலாம். அவை ஒன்றோடொன்று பேச 'ஆக்டிவிட்டிபப்' என்ற நெறிமுறை உதவுகிறது. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2018இல் அதைப் பொதுத் தரமாக ஏற்றது.

உங்கள் சர்வரின் விதிமுறை பிடிக்கவில்லையா? வேறொன்றுக்குக் குடிபெயரலாம். உங்களைப் பின்தொடர்பவர்களும் உடன் வருவார்கள். விருப்பமும் திறமையும் இருந்தால் சொந்தமாகவே ஒரு சர்வர் நடத்தலாம், மென்பொருள் இலவசம்.

ஆனால் குறைகளும் உண்டு. மாஸ்டோடானில் இடம் மாறும்போது பழைய பதிவுகள் கூடவே வருவதில்லை. அவற்றைத் தனியே தரவிறக்கி வைக்க வேண்டும். சிறிய சர்வரை நடத்துபவர் திடீரென்று மூடிவிடலாம். நீங்கள் அழித்த பதிவின் நகல் வேறொரு சர்வரில் தங்கிவிடவும் கூடும்.

ஆகவே எந்தத் தளமாயினும், சேர்வதற்கு முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: என் பதிவுகளை நான் எடுத்துக்கொண்டு வெளியேற முடியுமா? நாளை இந்தத் தளம் மூடப்பட்டால் என்னிடம் என்ன மிஞ்சும்? வயது வரம்பையும் பாருங்கள்; பெற்றோரிடம் சொல்லிவிட்டே சேருங்கள்.

செய்து பாருங்கள்: இந்த வார இறுதியில் உங்கள் கணக்கின் அமைப்புகளுக்குச் சென்று, 'தரவைத் தரவிறக்கு' என்ற பொருளில் உள்ள வசதியைத் தேடுங்கள். கிடைத்த கோப்பின் ஒரு நகலைக் கணினியிலும் இன்னொன்றைப் பென்டிரைவிலும் வையுங்கள்.

அந்த மாணவி இவ்வாண்டு மறுபடியும் பயறு ஊன்றியிருக்கிறார். இம்முறை படங்கள் முதலில் பென்டிரைவுக்குப் போகின்றன, பிறகுதான் இணையத்துக்கு.