தைராய்டு மாத்திரையின் அளவும் ரத்தப் பரிசோதனையும்

தைராய்டு சுரப்பி போதிய அளவு சுரக்காதபோது, அக்குறையை ஈடுசெய்ய லெவோதைராக்சின் மாத்திரை தரப்படுகிறது. அதன் அளவு சரிதானா என்பதை அறிய மருத்துவர்கள் முதலில் பார்ப்பது, மூளையின் அடிப்பகுதியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டைத் தூண்டுவதற்காக அனுப்பும் டி.எஸ்.எச். என்னும் ஹார்மோனையே. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் டி.எஸ்.எச். உயரும், மிகுந்தால் தாழும் என்பதால், அறிக்கையில் அந்த எண் கூடியிருப்பதைக் கண்டு, தைராய்டு அதிகமாகிவிட்டதென்று தாமாகவே மாத்திரையைக் குறைத்துக்கொள்வோர் நோயை வளர்த்துக்கொள்கிறார்கள்.

உட்கொண்ட லெவோதைராக்சினில் பாதி உடலை விட்டு நீங்கவே ஏறத்தாழ 7 நாள்கள் ஆவதாலும், பிட்யூட்டரி புதிய நிலைக்கு மெதுவாகவே பழகுவதாலும், அளவை மாற்றி 6 முதல் 8 வாரங்கள் கழித்தே மறுபரிசோதனை செய்வது முறை. மாற்றமும் பெரும்பாலும் 12.5 அல்லது 25 மைக்ரோகிராம் என்ற சிறு படிகளிலேயே அமைகிறது.

அளவைக் கூட்டுமுன் விசாரிக்க வேண்டியது, மாத்திரை எப்படி விழுங்கப்படுகிறது என்பதே: காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் உட்கொண்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காபி அருந்த வேண்டியிருக்க, காபியோடு சேர்த்தோ, 4 மணி நேர இடைவெளியின்றி இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுடனோ விழுங்கினால், மருந்து முழுமையாக உறிஞ்சப்படாமல் டி.எஸ்.எச். உயர்ந்தே நிற்கும். இது பலரும் கவனியாத, ஆனால் செலவின்றித் திருத்தக்கூடிய பிழை. முடி வளர்ச்சிக்கென உட்கொள்ளும் பயோட்டினும் பரிசோதனை முடிவைத் திரித்துக் காட்டக்கூடும்.

தேவைக்கு மேற்பட்ட அளவு, குறிப்பாக முதியோரிடம், இதயத்துடிப்பைச் சீர்குலைத்து எலும்பையும் மெலிவிக்கும். கருவுற்ற பெண்களுக்கோ மருந்தின் தேவை கூடுமென்பதால், கருவுற்றது தெரிந்தவுடனேயே அவர்கள் மருத்துவரை அணுக வேண்டும்.