எச்சரிக்கை வந்தது, யார் பார்த்தார்கள்?

2016 மே 17 அன்று கேகாலை மாவட்டத்தில் இரண்டு இடங்களில் மலை சரிந்தது. அரநாயக்கவில் சாமசர மலை. புளத்கொஹுபிட்டியவில் களுபான தோட்டம். கேகாலை அடங்கிய சப்ரகமுவ மாகாணத் தோட்டங்களில் அடைமழை பிடித்தால் லயத்து மக்கள் மண்திட்டைப் பார்த்தபடிதான் இரவைக் கழிக்கிறார்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் மஞ்சள், 100 என்றால் செம்மஞ்சள், 150ஐத் தாண்டினால் வெளியேறச் சொல்லும் சிவப்பு என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கை வட்ஸ்அப்பில் லயத்துக்கு லயம் போகிறது. போன செய்தி கண்ணில் பட்டதா என்பதுதான் கேள்வி.

செய்தி தொற்றுநோய்போலப் பரவும் என்பார்கள். நோய், பலரோடு பழகுபவரை எளிதில் பிடிக்கும். செய்தியின் கதை வேறு. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் நேதன் ஹோடாஸும் கிறிஸ்டினா லெர்மனும் ட்விட்டர், டிக் தளங்களை ஆராய்ந்து 2012இல் எழுதியது இது: ஒருவர் எத்தனை அதிகம் பேரைப் பின்தொடர்கிறாரோ, வந்த செய்திகளில் குறிப்பிட்ட ஒன்றை அவர் பகிரும் வாய்ப்பு அத்தனை குறைவு. புதியது மேலே ஏற, பழையது கீழே இறங்குகிறது. மனிதர் பார்ப்பதோ மேலே உள்ள சிலவற்றை மட்டுமே.

அதே ஆண்டு இண்டியானா பல்கலைக்கழகத்தின் லிலியன் வெங், பிலிப்போ மென்சர் குழுவினர் கணினியில் ஒரு மாதிரி வலையமைப்பை உருவாக்கினார்கள். அதில் எந்தச் செய்தியும் மற்றதைவிட உயர்ந்ததல்ல. ஆனாலும் சில மட்டும் பெருகின, பெரும்பாலானவை மறைந்தன. கவனத்துக்கு எல்லை இருப்பதும் யார் யாரோடு தொடர்பில் இருக்கிறார் என்பதுமே அதற்குப் போதுமாயின. ஆகவே, முக்கியமான செய்தி தானாகவே ஊரெங்கும் போய்விடும் என்று நம்பியிருப்பது ஆபத்து.

தோட்டத்து நிலைமையை எண்ணிப் பாருங்கள். கொழுந்து நிறுத்து முடித்து மாலையில் போனைத் திறக்கும் பெண்ணுக்கு மரண அறிவித்தல், திருவிழா நோட்டீஸ், சம்பளச் செய்தி, காலை வணக்கப் படங்கள் எல்லாம் வரிசையாக நிற்கும். காலையில் வந்த எச்சரிக்கை அவற்றுக்கெல்லாம் கீழே.

2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு தடவைக்கு ஓர் அரட்டைக்கு மட்டுமே அனுப்பலாம் என்று வட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. அத்தகைய பகிர்வு 70 வீதம் குறைந்ததாகவும் அறிவித்தது. வதந்தியைக் கட்டுப்படுத்த அது நல்லதுதான். ஆனால் பல கை மாறி வரும் உண்மையான எச்சரிக்கையையும் அந்தக் கட்டுப்பாடு மெதுவாக்கும்.

முன்பு தோட்டங்களில் விடியலில் தப்படித்துத்தான் பிரட்டுக்கு, அதாவது வேலை பிரிக்கும் காலைக் கூட்டத்துக்கு, ஆள் கூட்டினார்கள். அந்த நேரத்தில் அதோடு போட்டி போட வேறு சத்தம் இல்லை.

தோட்டக் குழுக்களை நடத்துவோர் மழைக்காலத்தில் எச்சரிக்கைக்கென்றே தனிக் குழு வையுங்கள்; பொறுப்பாளர் மட்டும் அனுப்பட்டும். முதல் வரியிலேயே தோட்டம், டிவிசன், நிறம், நேரம் தமிழில் இருக்கட்டும். வேலை முடியும் நேரத்தில் மீண்டும் அனுப்புங்கள். சிவப்பு என்றால் போனை நம்பியிருக்காமல் லயத்துக் கதவுகளைத் தட்டிச் சொல்லுங்கள்.